அப்பா பெயரில் மூளைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணம் என்ன ஆகும்?

அப்பாவின் நினைவாகக் கொடுப்பது வீணாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது, இந்த நோயில் பணத்துக்கு வேலை நிறைய இருக்கிறது. கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு டெமோசோலோமைடு மாத்திரையும் கொடுத்தால் இடைநிலை ஆயுட்காலம் (நோயாளிகளில் பாதிப் பேர் உயிரோடு தாண்டும் காலம்) 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகிறது என்று 2005-ல் ஓர் ஆய்வு காட்டியது, இன்றும் அடிப்படைச் சிகிச்சை அதுதான். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாது, கட்டியும் வேர்விட்டுப் பரவுவதால் முழுக்க வெட்டியெடுக்க முடியாது. சின்ன அறக்கட்டளைகளின் பணம் பலநேரம் இளம் ஆய்வாளர்களின் முதற்கட்டச் சோதனைக்குப் போகும். அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர்கள் பெரிய நிதி கேட்க முடியும். புதிதாக அறக்கட்டளை தொடங்காதீர்கள், கணக்கு, தணிக்கை என்று அலைச்சல். சரி, வேறு வழி? ஏற்கெனவே நடக்கும் ஒன்றில், ஆண்டறிக்கையைப் பார்த்துவிட்டு, அவர் பெயரில் நினைவு நிதி வைக்க முடியுமா என்று கேளுங்கள்.