அப்பாவைத் திட்டாதீங்க

கேள்வி: எங்க அப்பாவுக்கு 68 வயசு. போன்ல பணம் அனுப்புறப்ப வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது, போகலைன்னு நெனச்சு மறுபடி அனுப்பிடுறாரு, ரெண்டு தடவை போயிடுது. வீட்ல எல்லாருக்கும் அவர் மேல கோவம். எப்படிக் கத்துக்கொடுக்குறது? – வாசகி, காரைக்குடி

பதில்: மொதல்ல கோவத்தை விடுங்க. தப்பு அவர் மேல இல்ல, அந்தத் திரை பாதி விஷயத்தைத்தான் சொல்லுது. இதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். 1979 மார்ச் 28 அன்னிக்கு அமெரிக்காவுல, பென்சில்வேனியாவுல இருக்குற த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்துல ஒரு வால்வு திறந்து மூடாம மாட்டிக்கிச்சு. ஆனா கண்ட்ரோல் ரூம்ல அதுக்கான லைட் அணைஞ்சிடுச்சு, ஏன்னா அந்த லைட்டுக்கு வால்வு நிஜமா மூடியிருக்கான்னு தெரியாது, மூடச்சொல்லி கட்டளை போச்சான்னு மட்டும்தான் தெரியும். ஆபரேட்டருங்க மூடியாச்சுன்னு நம்பிட்டாங்க, ரெண்டு மணி நேரத்துக்கு மேல குளிர்விக்கிற தண்ணி வெளிய போய்க்கிட்டே இருந்துச்சு, உலையோட மையப்பகுதி பாதி உருகிடுச்சு. பயிற்சி எடுத்த ஆளுங்களே ஏமாந்தாங்கன்னா பேனலை வடிவமைச்ச விதத்தையும்தானே கேக்கணும்?

அப்பா போன்லயும் இதேதான். அமுக்கினது பதிவாச்சா, பேங்க் எடுத்துக்கிச்சா, அவங்களுக்குப் போய்ச் சேந்துச்சான்னு மூணும் வேற வேற, வட்டம் ஒண்ணையும் சொல்லலை. 10 செகண்டுக்கு மேல பதில் இல்லன்னா மனுஷன் கவனம் நிக்காதுன்னு, கம்ப்யூட்டர் திரையெல்லாம் ஆளுங்களுக்கு எளிதா இருக்கான்னு ஆராயுற யாக்கோப் நீல்சன் 1993லயே எழுதிட்டாரு. நல்ல ஆப்னா தாமதமானதும் "பேங்க் பதிலுக்காகக் காத்திருக்கோம், திரும்ப அனுப்பாதீங்க"ன்னு தமிழ்ல, பெரிய எழுத்துல சொல்லணும். அதே ஆளுக்கு அதே தொகை உடனே போனா "இப்பதானே அனுப்புனீங்க, மறுபடியுமா?"ன்னு கேக்கணும், இதெல்லாம் கஷ்டமான வேலையே இல்ல. அதுவரைக்கும் அப்பாவை ஹிஸ்டரி பாத்துட்டு அனுப்பச் சொல்லுங்க, பெண்டிங்னு இருந்தா தொடவேணாம். ஆப் ஆளுங்களுக்கும் கட்டாயம் புகார் எழுதுங்க.

கேள்வி: நாங்க கடைசி வருஷ புராஜெக்டுக்கு ஒரு ஆப் பண்றோம். ஆளுங்களை வெச்சு டெஸ்ட் பண்ண லேப் வேணுமா? – மாணவர், திருநெல்வேலி

பதில்: வேணாம். ஒரு சுத்துக்கு 5 பேர் போதும்னு அதே நீல்சன் சொல்றாரு, திருத்திட்டு இன்னொரு 5 பேர். ஆனா உங்க கிளாஸ்மேட்ஸ் வேணாம், நிஜமா யாரு உபயோகிப்பாங்களோ அவங்களைப் பிடிங்க. வேலையைச் சொல்லிட்டு பக்கத்துல உக்காந்து வாயைத் தொறக்காம பாருங்க, "மேல இருக்குற பட்டன்"னு ஒரு வார்த்தை சொன்னாலும் டெஸ்ட் போச்சு. "நல்லாருக்கா?"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. விரல் எங்க தயங்கி நிக்குதுன்னு மட்டும் குறிச்சுக்கோங்க.