விவசாயம், பிள்ளைகள், குப்பை: மூன்றும் ஏன் ஒரே கமிட்டியிடம்?

கேள்வி: அமெரிக்காவில் சில கவுன்டிகளில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வேளாண் விரிவாக்கம் (பல்கலைக்கழக ஆராய்ச்சியை விவசாயிகளிடம் கொண்டு சேர்க்கும் வேலை), சிறுவர்களுக்கான ஃபோர் எச் திட்டம், மறுசுழற்சி மூன்றையும் ஒரே கமிட்டி மேற்பார்வை செய்கிறதாமே? அந்தக் கமிட்டிக்கு உண்மையில் என்ன அதிகாரம்? பேருக்குத்தானா?

பணத்தின் மேல் நிறைய அதிகாரம் உண்டு. ஆட்களின் மேல் கிட்டத்தட்டக் கிடையாது. சுருக்கமான பதில் இவ்வளவுதான். எனக்கு இது பிடிபட இரண்டு மூன்று வருடம் ஆனது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நான் இருப்பது விஸ்கான்சின் மாநிலத்தில், கறவை மாடும் மக்காச்சோளமுமாக உள்ள ஒரு சின்ன கவுன்டியில். பெயர் வேண்டாம், கமிட்டிக்காரர்களை நாளைக்கு மளிகைக் கடையில் பார்த்தாக வேண்டும். மற்ற மாநிலங்களில் ஏற்பாடு வேறு மாதிரி இருக்கும்.

என்னை அந்த அறைக்குள் இழுத்துப் போனது ஒரு முயல். மகளுக்கு ஒன்பது வயதானபோது ஃபோர் எச் மன்றத்தில் சேர்ந்து முயல் வளர்க்க ஆரம்பித்தாள். தலை, இதயம், கை, ஆரோக்கியம் ஆகிய நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் எச் எழுத்தில் தொடங்குவதால் அந்தப் பெயர். பிள்ளைகள் முயலோ பன்றியோ தையலோ ராக்கெட்டோ ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு வருடம் முழுக்கச் செய்து, தீவனச் செலவு வரை கணக்கு எழுதி, கோடையில் கவுன்டி ஃபேரில் காட்டி ரிப்பன் வாங்குவார்கள். நம்ம ஊர் மாட்டுச் சந்தையையும் பொருட்காட்சியையும் ஒன்றாகச் சேர்த்தால் கவுன்டி ஃபேர். மன்றங்களை நடத்துவது பெற்றோரும் தன்னார்வலர்களும்தான். ஆனால் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பின்னணியைச் சரிபார்த்து, எல்லாவற்றையும் கட்டி மேய்க்க விரிவாக்க அலுவலகத்தில் ஒருவர் வேண்டும். எங்கள் கவுன்டிக்கு ஒரே ஒருவர். அவர் ஒரு ஆகஸ்ட் மாதம் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். காலியான இடத்தை நிரப்புவதா, அடுத்த பட்ஜெட்டில் விட்டுவிடுவதா என்பது கமிட்டிக் கூட்டத்தில் ஆறாவது பொருளாக வந்தது.

பெற்றோர் பத்துப் பேர் போனோம். கவுன்டி அலுவலகங்கள் இருக்கும் கோர்ட் ஹவுஸின் கீழ்த்தளத்தில் ஒரு அறை, நீள மேசை, ஐந்து உறுப்பினர்கள். மூன்று பேர் மாடு வைத்திருப்பவர்கள் அல்லது வைத்திருந்தவர்கள், ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒருவர் இன்சூரன்ஸ் முகவர். காரசாரமாக ஏதோ நடக்கும் என்று போனால், முதல் முக்கால் மணி நேரம் மறுசுழற்சி டிரெய்லரின், அதாவது மக்கள் காகிதமும் டப்பாவும் கொண்டுவந்து போடும் வண்டியின், அச்சு உடைந்த கதை. அப்புறம் பழைய டயருக்கு எவ்வளவு கட்டணம் வாங்குவது என்று ஒரு விவாதம்.

அந்த வருடம் அப்பா ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அவரையும் கூட்டிப் போயிருந்தேன். கோபிப் பக்கம் மஞ்சளும் கரும்பும் பார்த்த ஆள். அரை மணி நேரம் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதுல கலெக்டர் யாரு?" என்று காதோரம் கேட்டார். அப்படி யாரும் கிடையாது, வேலைகளை ஒருங்கிணைக்க ஒரு நிர்வாகி உண்டு, அவரும் மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்டி போர்டுக்குப் பதில் சொல்பவர்தான் என்றேன். "அப்ப கையெழுத்து போடறது யாரு?" என்றார். சரியான கேள்வி, ஆனால் பதில் அன்று எனக்கே தெரியாது.

இப்போது தெரியும். விஸ்கான்சினில் 72 கவுன்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்டு. அதன் உறுப்பினர்களுக்கு சூப்பர்வைசர் என்று பெயர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஏப்ரலில் தேர்தல், கட்சிச் சின்னம் கிடையாது. எண்ணிக்கை கவுன்டிக்குக் கவுன்டி மாறும்: தலைநகர் மாடிசன் இருக்கும் டேன் கவுன்டியில் 37 பேர், மாரத்தான் கவுன்டியில் 38 பேர். இத்தனை பேர் உட்கார்ந்து டயர் கட்டணம் பேச முடியாது என்பதால் வேலையைக் கமிட்டிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். எதை எதோடு சேர்ப்பது என்பது பெரும்பாலும் அந்தந்த போர்டின் இஷ்டம். எங்கள் ஊரில் விவசாயத்தோடு மறுசுழற்சி ஏன் வந்தது என்று பழைய ஆட்களைக் கேட்டால், "வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை" என்பார்கள். பெரிய தத்துவமெல்லாம் இல்லை.

விரிவாக்கத்தின் கதை நீளமானது. 1862-ல் லிங்கன் காலத்தில் வந்த மோரில் சட்டம், மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து வேளாண் கல்லூரிகளை உருவாக்க வழி செய்தது. கல்லூரியில் கண்டுபிடித்தது வயலுக்குப் போக வேண்டுமே, அதற்காக 1914-ல் ஸ்மித் லீவர் சட்டம். மத்திய அரசு, மாநிலப் பல்கலைக்கழகம், கவுன்டி மூன்றும் சேர்ந்து செலவைப் பகிரும் ஏற்பாடு இது. விஸ்கான்சின் அதற்கும் இரண்டு வருடம் முந்திக்கொண்டது: 1912-ல் வடக்கே ஒனைடா கவுன்டியில் இ. எல். லூதர் என்பவர் மாநிலத்தின் முதல் கவுன்டி ஏஜென்ட், அதாவது விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் விரிவாக்க ஊழியர் ஆனார். பண்ணை பண்ணையாக மோட்டார் சைக்கிளில் சுற்றினாராம். 1960-ல் பந்த்நகரில் தொடங்கிய இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகமும் இந்த அமெரிக்க முறையைப் பார்த்து எழுந்ததுதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் ஊரில் விரிவாக்கப் பணி முக்கியமாக மாநில வேளாண் துறையின் கையில். அப்பா மானிய விதைக்குப் போய் நிற்கும் விரிவாக்க மையம் அரசு அலுவலகம். இங்கே ஏஜென்ட் என்பவர் பல்கலைக்கழகத்தின் ஆள். மானியம் கேட்டு அவரிடம் போக முடியாது, மண் பரிசோதனை முடிவை எடுத்துப் போய் இதற்கு என்ன செய்வது என்று கேட்கலாம்.

இங்கேதான் மேற்பார்வை விஷயம் சிக்கலாகிறது. ஏஜென்டுக்கும் இளைஞர் திட்டக்காரருக்கும் மேலதிகாரி பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். கமிட்டியால் அவர்களை நீக்க முடியாது, இந்த ஆராய்ச்சி முடிவைச் சொல்லாதே என்று தடுக்க முடியாது. ஆனால் கவுன்டி பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போடுகிறது. ஒவ்வொரு பணியிடத்துக்கும் கவுன்டி ஒரு தொகை கட்டுகிறது. அலுவலக அறையும் எழுத்தர் சம்பளமும் தனிச் செலவு. அந்தத் தொகையைக் கட்டாவிட்டால் அந்த இடம் இல்லை. மாதா மாதம் கமிட்டி முன்னால் ஏஜென்ட் வந்து இத்தனை கூட்டம் நடத்தினேன், இத்தனை பேர் பூச்சிக்கொல்லிச் சான்றிதழுக்குப் பயிற்சி எடுத்தார்கள் என்று அறிக்கை படிப்பது மரியாதைக்காக என்று நினைத்திருந்தேன். செப்டம்பரில் பட்ஜெட் வரும்போதுதான் அந்த அறிக்கைகள் எதற்கு என்று புரிந்தது.

ஏனென்றால் மாநிலச் சட்டத்தின் 59.56-ஆம் பிரிவு, கவுன்டி போர்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இப்படி ஒரு திட்டத்தை நடத்தலாம் என்கிறது. நடத்தலாம், அவ்வளவுதான். நடத்த வேண்டும் என்று இல்லை. சிறையும் நீதிமன்றமும் சமூக நலமும் கட்டாயம். 2006-லிருந்து சொத்து வரியை உயர்த்த மாநிலம் உச்சவரம்பு வைத்திருக்கிறது; புதிய கட்டுமானம் எவ்வளவு வந்ததோ ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் வரி வசூலைக் கூட்ட முடியும். புதுக் கட்டடம் எழும்பாத கிராமப்புற கவுன்டிக்கு இது கழுத்தில் கயிறு. செலவு மட்டும் வருடா வருடம் ஏறும். வெட்ட வேண்டி வந்தால் "லாம்" என்று இருப்பதில்தான் கை வைப்பார்கள். போதாக்குறைக்கு, 2015-ல் பல்கலைக்கழக அமைப்புக்கே இரண்டு வருடங்களுக்கு 25 கோடி டாலர் வெட்டு விழுந்தது. அப்புறம் விரிவாக்க வேலைக்குச் சில கவுன்டிகளைச் சேர்த்து ஒரு பகுதி என்று ஆக்கினார்கள்.

மறுசுழற்சி நேர் எதிர். 1990-ல் வந்த மாநிலச் சட்டம், எதையெல்லாம் குப்பைக் கிடங்கில் கொட்டக் கூடாது என்று படிப்படியாகப் பட்டியல் போட்டது. 1991-ல் கார் பேட்டரி, கழிவு எண்ணெய், குளிர்சாதனப் பெட்டி போன்ற பெரிய சாமான்கள். 1993-ல் தோட்டத்து இலை தழை. 1995-ல் கண்ணாடிப் பாட்டில், தகர டப்பா, செய்தித்தாள், அட்டைப்பெட்டி, டயர். இதற்குப் பொறுப்பு முதலில் கவுன்டிக்குள் இருக்கும் சின்ன உள்ளாட்சிகளான ஒவ்வொரு டவுனும் வில்லேஜும்தான். கவுன்டி விரும்பினால் அந்தப் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ளலாம். எங்கள் கவுன்டி போட்டுக்கொண்டது. ஒரு தடவை போட்டுக்கொண்டால் மாநிலத்துக்கு ஏப்ரல் 30-க்குள் ஆண்டறிக்கை, மக்களுக்கு விளக்கப் பிரசாரம், சேகரிப்பு எல்லாம் செய்தாக வேண்டும். செய்தால்தான் மாநில மானியம். அதுவும் முழுச் செலவையும் ஈடுகட்டாது.

ஆக, ஒரே கமிட்டியின் ஒரு கையில் கட்டாயம், மறு கையில் விருப்பம். 2018-ல் சீனா வெளிநாட்டுக் கழிவுக் காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் கதவை மூடியதும், எங்கள் காகிதத்தைக் காசு கொடுத்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எடுப்பதற்குக் காசு கேட்க ஆரம்பித்தார்கள். கமிட்டியின் கீழ் வரும் துறைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இவ்வளவுதான் என்று மேலிருந்து ஒரு எண் வந்தது. மறுசுழற்சியின் பங்கு கூடினால் யாருடைய பங்கு குறையும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலி இடத்தை நிரப்புவதா என்ற கேள்வி அப்படித்தான் எழுந்தது. டிரெய்லர் அச்சைப் பற்றி ஏன் முக்கால் மணி நேரம் பேசினார்கள் என்று அன்று சலித்துக்கொண்டேன். அவர்கள் பேசிக்கொண்டிருந்ததே என் மகளின் முயலைப் பற்றித்தான்!

மூன்றும் ஒன்றாக இருப்பதில் நன்மையும் உண்டு. இங்கே மாட்டுத் தீவனத்தை வெள்ளைப் பிளாஸ்டிக் சுருளில் பொதிந்து வைப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வயலில் பெரிய பெரிய இட்லி கிடப்பது போல இருக்கும். குளிர்காலம் முடிந்தால் ஒவ்வொரு பண்ணையிலும் சேறும் தீவனமும் ஒட்டிய பிளாஸ்டிக் மலை. அதை எரிப்பது சட்டப்படி குற்றம், அழுக்கோடு யாரும் வாங்கவும் மாட்டார்கள். எப்படி உதறி, மடித்து, உலர்த்திக் கட்டினால் எடுப்பார்கள் என்று ஏஜென்ட் ஒரு பண்ணையில் செய்து காட்டினார், மறுசுழற்சி ஊழியர் பெரிய தொட்டி ஏற்பாடு செய்தார், ஃபோர் எச் பிள்ளைகள் பண்ணை பண்ணையாக நோட்டீஸ் கொடுத்தார்கள். பழைய பூச்சிமருந்து சேகரிக்கும் நாளும் இப்படித்தான். தாத்தா காலத்துக் கொட்டகையிலிருந்து என்னென்னவோ வரும். 1972-ல் நாடு முழுக்கத் தடை செய்த டிடிடி டப்பாவை ஒருவர் பிக்கப் டிரக்கின் முன் சீட்டில் வைத்துக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன்.

கமிட்டியின் கை எட்டாத இடம் ஃபோர் எச் மன்றங்களின் உள் விவகாரம். அந்த நாலிலைச் சின்னத்துக்கே அமெரிக்கக் குற்றவியல் சட்டத் தொகுப்பில் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. மன்றங்களுக்கு அங்கீகாரம் கொடுப்பது விரிவாக்கத் துறை, கவுன்டி இல்லை. ஒரு மன்றத்தில் பாலாடைக்கட்டிப் பொரியல் விற்ற காசுக்குக் கணக்கு சரியாக இல்லை என்று ஒரு அம்மா பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து கேட்டார். கமிட்டித் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டு விஷயம் சொன்னார்: இது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை, அதனால் முடிவு எதுவும் எடுக்க முடியாது, நிரலில் இருந்தாலும் அந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. இங்கே கூட்ட நிரலைக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வெளியிட வேண்டும், அவசரம் என்றால் இரண்டு மணி நேரம். நிரலில் இல்லாததில் தீர்மானம் போட்டால் சட்ட மீறல். சட்டம் நல்லதுதான். அந்த அம்மாவுக்கு அன்று அது பதிலாக இல்லை.

சரி, எங்கள் ஆறாவது பொருளுக்கு வருகிறேன். "மாடு வைத்திருப்பவனே குறைந்துவிட்டான், இத்தனை பேர் எதற்கு?" என்று ஓர் உறுப்பினர் ஆரம்பித்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் மாநிலத்தில் ஏறத்தாழ 16,000 பால் பண்ணைகள் இருந்தன. இப்போது 6,000-க்கும் கீழே. அதனால்தான் பிள்ளைகளுக்கு ஆள் வேண்டும் என்று ஆசிரியை திருப்பி அடித்தார். எங்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். நான் முயலைப் பற்றி ஏதோ உளறினேன். கடைசியில், கிழக்குப் பக்கம் நிறுத்துவதாக இருந்த இரண்டாவது மறுசுழற்சி டிரெய்லரைத் தள்ளிப்போட்டு, அந்தப் பணத்தில் இடத்தை நிரப்பலாம் என்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் பரிந்துரை நிறைவேறியது. நவம்பரில் முழு போர்டும் அதை ஏற்றுக்கொண்டது.

அப்பா கேட்ட கையெழுத்து ஒப்பந்தத்தின் அடியில் இருந்தது. கவுன்டி சார்பில் ஒன்று, பல்கலைக்கழகத்தின் சார்பில் ஒன்று. ஊருக்குத் திரும்பிய பிறகு போனில் சொன்னேன். "ரெண்டு பேரா? அப்ப யாரைப் போய்ப் பாக்கறது?" என்றார்.

டிரெய்லர் இன்னும் வரவில்லை. போன வசந்தத்தில் டயர் சேகரிக்கும் நாளில் நான் தன்னார்வலராக நின்றிருந்தேன். கிழக்கு டவுனிலிருந்து வந்த ஒரு பெரியவர் டிராக்டர் டயர்களை இறக்கிவிட்டு, அட்டைப்பெட்டிகளையும் இறக்கினார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது போல. "அந்த முயல் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். "நல்லது. அதற்காக நான் வாரா வாரம் இருபது மைல் ஓட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தார்.