கராத்தே வகுப்பில் மகனுக்குக் கை முறிந்தது, "நிர்வாகம் பொறுப்பல்ல" என்று கையெழுத்தும் போட்டிருக்கிறோம். நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேட்கலாம். அந்தக் கையெழுத்து நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரிய தடை இல்லை. உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது.

கேள்வியில் சொல்லியிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். பையனுக்கு 15 வயது. மதுரையில் மாதக் கட்டணம் வாங்கும் தனியார் வகுப்பு. தன்னைவிடப் பெரிய, எடை கூடிய பையனோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) விட்டிருக்கிறார்கள். அவன் காலை வாரிவிட, இவன் சிமெண்ட் தரையில் கையை ஊன்றி விழுந்திருக்கிறான். முன்கை எலும்பு இரண்டும் முறிந்து பிளேட் வைத்தாயிற்று. மாஸ்டர் பத்தாயிரம் தருகிறேன், விளையாட்டுன்னா அடிபடத்தான் செய்யும் என்கிறார்.

மாஸ்டர் சொல்வதில் பாதி சரி. சண்டைக் கலை கற்க வந்தவர் அதில் இயல்பாக இருக்கும் ஆபத்தை ஏற்றுக்கொண்டுதான் வருகிறார் என்பது சட்டமும் ஒப்புக்கொள்ளும் வாதம். உதடு கிழிவது, விரல் சுளுக்குவது, ஒழுங்காக நடந்த ஸ்பாரிங்கில் மூக்கில் ரத்தம் வருவது இதற்கெல்லாம் நஷ்டஈடு கேட்டுப் போனால் வெறுங்கையோடுதான் திரும்பவேண்டும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. பொழுதுபோக்குக்காக வாள்வீச்சு ஆட இருவர் ஒப்புக்கொண்டார்கள், நியாயமாக ஆடும்போது ஒருவருக்கு அடிபட்டது, அது குற்றமில்லை என்று அதிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 87-ஆவது பிரிவிலிருந்து அப்படியே வந்தது. ஆனால் அதே பிரிவில் இரண்டு பூட்டும் இருக்கின்றன. ஒப்புதல் கொடுத்தவருக்கு 18 வயது தாண்டியிருக்க வேண்டும். ஆட்டமும் நியாயமாக நடந்திருக்க வேண்டும்.

ஆக, கேட்க வேண்டியது அடிபட்டதா என்பதல்ல, பயிற்சி கொடுத்தவர் எதைச் செய்யாமல் விட்டார் என்பதுதான். உங்கள் விஷயத்தில் மூன்று கேள்வி எழும்: வயதும் எடையும் பார்த்து ஜோடி சேர்த்தார்களா? கால் வாருவதை அனுமதிக்கும் ஸ்பாரிங்குக்கு மேட் விரித்திருந்தார்களா? விழும் முறையை முதலில் கற்றுக்கொடுத்தார்களா? மூன்றுக்கும் இல்லை என்றால், அது விளையாட்டின் ஆபத்து இல்லை, வகுப்பு நடத்தியவரின் கவனக்குறைவு.

இங்கே அடிக்கடி வரும் மற்ற வகைகளும் இப்படித்தான். சிலம்பத்தில் கணுவில் விரிசல் விட்ட மூங்கில் கம்பைக் கொடுத்து அது சிலாம்பாகத் தெறித்துக் கண்ணில் பட்டால், ஆசான் கம்பைப் பார்க்காமல் கொடுத்தது தவறு. சுருள்வாளைச் சின்னப் பையன் கையில் கொடுப்பதும், ஆண்டு விழாவில் ஓடுகளை அடுக்கித் தீ வைத்து உடைக்கச் சொல்வதும், கைமேல் பைக் ஏற்றுவதும் பயிற்சியே இல்லை, வித்தை காட்டுவது. அதில் அடிபட்டால் "கலையின் ஆபத்து" என்ற வாதம் எடுபடுவது கடினம். யாரும் பெரிதாக நினைக்காத ஒன்று, கால்களை முழுதாக விரித்து ஸ்பிளிட் போடவைக்க மாஸ்டர் பின்னால் நின்று தோளையோ இடுப்பையோ அழுத்துவது. வளரும் வயதில் பின்தொடைத் தசைநார் இடுப்பெலும்பில் ஒட்டியிருக்கும் இடம் இன்னும் குருத்தாகவே இருக்கும். இழுப்பு தாங்காமல் எலும்புத் துண்டோடு பெயர்ந்து வந்துவிடும். "டப்" என்று சத்தம் கேட்டது, உட்கார முடியவில்லை என்று பிள்ளை சொன்னால் எண்ணெய் தேய்க்காமல் இடுப்பு எக்ஸ்ரே எடுங்கள். அந்தப் படமே பேசும் சாட்சி.

இப்போது கையெழுத்து. 15 வயதுப் பையன் போட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. நீங்கள் பெற்றோராகப் போட்டது, ஆபத்து இருக்கிறது என்று தெரிந்துதான் சேர்த்தீர்கள் என்பதைக் காட்டும். எவ்வளவு கவனக்குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்று அனுமதி கொடுத்ததாக ஆகாது. சொல்லப்போனால் அந்தப் படிவம் உங்களுக்குத்தான் உதவும். சேர்ந்த தேதி, பையனின் வயது, எடை, கட்டணம் எல்லாம் அவர்கள் கைப்பட அதில் இருக்கும். நகல் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், மறுத்ததையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

உண்மையான தடை ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருக்கிறது. பெரியாஸ்பத்திரி கேஷுவாலிட்டியானாலும் தனியார் ஆனாலும், விபத்து என்று வந்தால் ஏ.ஆர். (விபத்துப் பதிவு) போடுவார்கள். எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது, யார் கூட்டிவந்தது என்று நாலு வரி. கூட்டிவருவது பெரும்பாலும் மாஸ்டரோ அவர் அனுப்பிய சீனியரோதான். போலீஸ், கேஸ் என்று போய்விடக்கூடாது என்று "வழுக்கி விழுந்துட்டான்" என்று சொல்லிவிடுவார்கள். பதற்றத்தில் ஓடிவரும் பெற்றோரும் தலையாட்டிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து வழக்கில் எதிர்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்த நாலு வரியைத்தான்.

உங்கள் மகன் விஷயத்தில் "கீழே விழுந்தான்" என்று எழுதியிருந்தால் அதில் பொய் இல்லை. முன்கையின் இரண்டு எலும்பும் சேர்ந்து முறிவது கையை ஊன்றி விழும்போது வழக்கமாக நடப்பதுதான். எதனால் விழுந்தான், எந்தத் தரையில் என்பதுதான் விடுபட்டிருக்கும். அதனால் ஏ.ஆர். காப்பியை உடனே எழுதிக் கேட்டு வாங்கிப் படியுங்கள். விடுபட்டிருந்தால் அடுத்த ரிவ்யூவில் டாக்டரிடம் முழு விவரத்தையும் சொல்லி, அன்றைய தேதியிட்டு ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பழைய பதிவைத் திருத்தச் சொல்லாதீர்கள், அது உங்களுக்கே வினையாக முடியும். கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றுக்கும் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி.

மற்ற ஆதாரங்களில் அவசரமானது சிசிடிவி. பல இடங்களில் சில வாரத்துக்குள் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். "இந்தத் தேதிப் பதிவை அழிக்காமல் வையுங்கள்" என்று இன்றைக்கே எழுதி அனுப்புங்கள். தரை, மேட் இல்லாத இடம், சுவரில் ஒட்டிய வகுப்பு நேரம், வயதுப் பிரிவு எல்லாம் போட்டோ எடுங்கள். கட்டணம் ஜிபேயில் போயிருந்தால் ஸ்டேட்மெண்ட் எடுங்கள். கையில் கொடுத்து ரசீது இல்லையென்றால் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த "இந்த மாத ஃபீஸ்" செய்தியே போதும், குரூப்பிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன் எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். மின்னணு ஆதாரத்தோடு பாரதிய சாட்சிய அதிநியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவுச் சான்றும் வைத்தால் பின்னால் ஆட்சேபம் வராது. அன்று வகுப்பில் இருந்த இன்னொரு பிள்ளையின் பெற்றோர் ஒருவரிடமாவது பேசிவையுங்கள். நாள் ஆக ஆக யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அவர்கள் பிள்ளைக்கும் அடுத்த பெல்ட் டெஸ்ட் இருக்கும்.

எங்கே போவது என்பது, காசு கொடுத்தீர்களா, யாரிடம் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. தனியார் வகுப்பு என்பதால் உங்களுக்கு நுகர்வோர் கோர்ட்தான், அதாவது நுகர்வோர் ஆணையம்தான், நல்ல வழி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்பதில் கவனக்குறைவும் அடங்கும். பலருக்குத் தெரியாத சலுகை ஒன்றும் உண்டு. எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பது நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து முடிவாவதில்லை, சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்துத்தான். மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கட்டியவர் பத்து லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையத்தில்தான் வழக்கு, கட்டணமும் கிடையாது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலும் போடலாம். வகுப்பு மதுரையில், வீடு திருப்புவனத்தில் என்றால் சிவகங்கையில் போட்டாலும் செல்லும்.

பள்ளிக்கூடமே நடத்தும் கராத்தே வகுப்பு என்றால் கதை வேறு. தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் மனு சோலங்கி வழக்கில், கல்வி நிறுவனம் நடத்தும் நீச்சல், விளையாட்டு போன்றவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, கோச்சிங் நிறுவனங்கள் மட்டும் வரும் என்று சொல்லிவிட்டது. பள்ளி அதைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கும். அப்போது சிவில் கோர்ட்டில் இழப்பீட்டு வழக்கு. கண்மாய்க் கரையில் காசு வாங்காமல் சிலம்பம் சொல்லிக்கொடுக்கும் ஆசான் என்றாலும் அதே வழிதான், இலவசச் சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. சிவில் வழக்கில் கேட்கும் தொகைக்கேற்பக் கோர்ட் கட்டணம் உண்டு. கட்ட வழியில்லாதவர் வறியவராக வழக்குத் தொடர மனுப் போடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டக் கோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.

முதலில் நோட்டீஸ். மாஸ்டருக்கு மட்டும் அனுப்பாமல், கட்டணம் யார் கணக்குக்குப் போனதோ அவருக்கும், சான்றிதழில் பெயர் போட்டிருக்கும் சங்கத்துக்கும் டெலிவரி ஆதாரத்தோடு ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். சங்கம் பதிவானதாக இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் சான்றிட்ட நகல் எடுத்து, நிர்வாகிகள் யார் என்று பார்த்துக்கொள்ளலாம். 15 நாள் அவகாசம் கொடுங்கள், அது போதும். பதில் இல்லையென்றால் மகன் பெயரில், நீங்கள் காப்பாளராக, புகாரும் பிரமாண வாக்குமூலமும் தாக்கல் செய்யுங்கள். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் செய்யலாம். கெடு இரண்டு வருடம். எதிர்தரப்பு 30 நாளில் பதில் தரவேண்டும், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே 2020-இல் உறுதி செய்திருக்கிறது. மூன்று மாதத்தில் முடிக்கவேண்டும் என்று சட்டம் சொன்னாலும் ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

தொகையை வாய்க்கு வந்தபடி போடாதீர்கள். ஆஸ்பத்திரி பில், மருந்து, ஆட்டோ, பிசியோதெரபி, கூட இருந்தவர் இழந்த சம்பளம், பிளேட்டை எடுக்கப் போகும் இரண்டாவது ஆபரேஷனுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மதிப்பீடு, கை நிரந்தரமாக முழுதும் திரும்பாவிட்டால் ஊனச் சதவீதம், கடைசியில் வலிக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு தொகை. ஊனச் சதவீதத்தைச் சிகிச்சை முடிந்தபிறகு எடுங்கள். கட்டோடு போய் வாங்கிய சான்றிதழை எவரும் மதிக்கமாட்டார்கள். அதே நேரம் மாஸ்டரின் கையிருப்பையும் கணக்கில் வையுங்கள். வாடகை மாடியில் வகுப்பு நடத்துபவர்மேல் முப்பது லட்சத்துக்கு உத்தரவு வாங்கினால் காகிதம்தான் மிஞ்சும். உத்தரவை மதிக்காதவருக்கு நுகர்வோர் சட்டத்தின் 72-ஆவது பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை உண்டு. ஆனால் அது பணத்தை உண்டாக்கித் தராது.

போலீஸ் புகார் தேவையா? எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். கவனக்குறைவால் அது நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆவது பிரிவில் மூன்று வருடம் வரை தண்டனை. வித்தை காட்டவைத்த வகைகளுக்கும், கண் போன சம்பவங்களுக்கும் புகார் கொடுப்பதே முறை. உங்கள் விஷயத்தில் சி.எஸ்.ஆர். ரசீது (போலீஸ் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) அளவுக்காவது பதிந்துவையுங்கள். பணம் கறக்கும் மிரட்டலாக மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள், வழக்கே திரும்பிவிடும்.

இன்சூரன்ஸைப் பலர் கேட்காமலே விடுகிறார்கள். குடும்ப மருத்துவ பாலிசியில் "ஆபத்தான விளையாட்டுக்குக் கிடையாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் பாலிசியில் எக்ஸ்க்ளூஷன் 09-ஐத் திறந்து படியுங்கள். தொழில்முறை ஆட்டக்காரராகக் கலந்துகொண்டால் மட்டும்தான் அந்த விலக்கு. மாலை வகுப்புக்குப் போகும் பையன் தொழில்முறை ஆட்டக்காரன் இல்லை. எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பார்த்துவிட்டுச் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனுக்கு (குறைதீர்ப்பாளர்) எழுதலாம், செலவில்லை. தமிழக அரசின் 48 மணி நேர இலவசச் சிகிச்சைத் திட்டத்தைச் சிலர் சொல்வார்கள், அது சாலை விபத்துக்கு மட்டும்.

அந்தப் பத்தாயிரம் பற்றி. ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவியாகக் கொடுத்தால் வங்கி வழியாக வாங்கிக்கொண்டு, "சிகிச்சைச் செலவில் ஒரு பகுதி பெற்றேன்" என்று மட்டும் எழுதிக்கொடுங்கள். "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், பிளேட் எடுக்கும் செலவு இன்னும் பாக்கி இருக்கிறது. பேசி முடிப்பதாக இருந்தால் அந்த ஆபரேஷன் தொகையையும் சேர்த்து, தவணை தேதிகளோடு, சங்கத்தையும் கையெழுத்துப் போடவைத்து முடியுங்கள். சிவில் வழக்குப் போட்டபிறகு சமரசம் என்றால், மைனர் சார்பில் காப்பாளர் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதி கட்டாயம். அனுமதியில்லாமல் எழுதிக்கொண்ட சமரசம் உங்கள் மகனைக் கட்டுப்படுத்தாது.