1986-ல் மண்டபம் அகதி முகாமில் பிறந்தவருக்கு ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: 1986 ஜூனில் மண்டபம் முகாமில் பிறந்தேன். பெற்றோர் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். இப்போது திருச்சிப் பக்கம் ஒரு முகாமில் இருக்கிறோம். “சி.ஏ.ஏ. (குடியுரிமைத் திருத்தச் சட்டம்) வந்துவிட்டது, ஒன்றரை லட்சம் கொடுத்தால் வெளியூர் முகவரியில் பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன்” என்கிறார் ஒரு ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஏற்கெனவே உங்களுக்கு இருக்கிற உரிமையைக் குற்றமாக மாற்றிக் கொடுத்து, அதற்குக் கூலியும் கேட்கிறார்.

2019-ல் வந்த சி.ஏ.ஏ., பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கானது. இலங்கை அதில் இல்லை. ஏன் இல்லை என்பதை டெல்லியைத்தான் கேட்க வேண்டும், கேட்டு அலுத்துவிட்டது.

உங்களுக்கு உதவுவது 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும் பிறப்பால் இந்தியர். அந்தத் தேதி கத்தி மாதிரி. ஜூன் 30 இரவு பிறந்த அக்கா இந்தியர்; மறுநாள் விடிகாலை அதே ஆஸ்பத்திரியில் பிறந்த பக்கத்துக் கட்டில் குழந்தை அகதி. அதனால்தான் பிறப்புச் சான்றிதழ் என்று நச்சரிக்கிறேன். முகாம் பதிவேட்டில் ஒரு தேதி, பள்ளி டி.சி.யில் தலைமையாசிரியர் குத்துமதிப்பாகப் போட்ட வேறொரு தேதி என்று பலர் வருகிறார்கள். பிறப்பைப் பதிவே செய்யவில்லையா? கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு மனுக் கொடுங்கள்.

அப்புறம், நீங்கள் இருக்கிற முகாம் முகவரியிலேயே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். விசாரணையில் ‘இலங்கை அகதி’ என்று எழுதி நிராகரிக்கக்கூடும். வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள், எழுத்தில் கேளுங்கள். அந்தக் காகிதம்தான் நீதிமன்றத்தில் பேசும். உங்களைப் போலவே 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. சட்டம் பளிச்சென்று இருந்தும் ஒரு பெண் அதற்காகக் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது, பாருங்கள்.

பொய் முகவரியில் எடுத்தால் பாஸ்போர்ட் சட்டப்படி வழக்கு வரும். கியூ பிராஞ்ச் (தமிழகப் போலீஸின் உளவுப் பிரிவு) உங்கள் வீட்டுக்குத்தான் வரும், ஏஜென்ட்டின் போன் அணைந்திருக்கும். உண்மையான உரிமையின் மேலும் சந்தேகம் விழும். அசல் சான்றிதழ் எதையாவது அவரிடம் கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள்.

2004 டிசம்பர் 3 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகள் இருந்தால், அவர்கள் குடியுரிமைக்குக் கணவர் இந்தியாவுக்குள் எப்படி வந்தார் என்பதும் கேள்வியாகும். அதைத் தனியாக எழுதுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்; பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.