தீனி இருக்கிறதா? சாண எரிவாயு முதல் எத்தனால் வரை: கேள்வி பதில்

கோபர் கேஸ், விறகு, கரி, எத்தனால், பயோடீசல், இவற்றைச் சுற்றிய அரசுத் திட்டங்கள். இன்றைக்கு இவ்வளவுதான். சோலார், காற்றாலை வேண்டாம். தொடங்கும் முன் ஒன்று: சாணத் தொட்டிக்குள் யாரும் இறங்காதீர்கள். யாரும் கேட்காவிட்டாலும் இதை இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன்.

மணப்பாறை: ஐயா, வீட்டில் ஐந்து பேர், ரெண்டு கறவை மாடு. 2 கன மீட்டர் கோபர் கேஸ் போடச் சொல்கிறார்கள், மானியம் கூடுதலாம். போடலாமா?

பதில்: வேண்டாம். கணக்கைச் சாணத்திலிருந்து தொடங்குங்கள், மானியத்திலிருந்து அல்ல. கட்டுத்தறியில் நிற்கும் மாடு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். எருமை என்றால் 15. மேய்ச்சலுக்கு ஓட்டினால் பாதி காட்டிலேயே போய்விடும். பச்சைச் சாணம் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் வாயு வரும். உங்கள் இரண்டு மாட்டின் 20 கிலோவுக்கு 800 லிட்டர், அதாவது 0.8 கன மீட்டர். நாளைக்கு 2 கன மீட்டர் வாயு தரும் கலனுக்குத் தினம் 50 கிலோ சாணம் வேண்டும். மீதி 30 கிலோவுக்கு எந்த வீட்டுத் தொழுவத்துக்குப் போவீர்கள்?

சமையலுக்கு ஆளுக்குக் கால் கன மீட்டர் என்று வைத்தால் ஐந்து பேருக்கு 1.25. ஆக 1 கன மீட்டர் கலனில் காலைக் காப்பியும் மதியச் சோறு குழம்பும் முடியும், இரவுக்கு சிலிண்டர். ஒரு கன மீட்டர் சாண வாயு சுமார் 0.45 கிலோ எல்.பி.ஜி.க்குச் சமம். உங்கள் 0.8 கன மீட்டர் தினமும் தவறாமல் வந்தால், நாற்பது நாளுக்கு ஒரு 14.2 கிலோ சிலிண்டர் மிச்சம். இதை வைத்துச் செலவு கட்டுமா என்று பாருங்கள்.

1 கன மீட்டர் கலனில் தொட்டியின் கொள்ளளவு எப்படி வருகிறது என்றால்: 25 கிலோ சாணம், 25 லிட்டர் தண்ணீர், ஆக ஒரு நாளுக்கு 50 லிட்டர். நம் வெயிலுக்குக் கரைசல் 30 நாள் உள்ளே தங்கினால் போதும். வடக்கே குளிர்ப் பகுதிகளில் 55 நாள் வைத்துக் கட்டுகிறார்கள். 50-ஐ முப்பதால் பெருக்கினால் 1500 லிட்டர். பெரிய தொட்டி கட்டி அரைவயிறு போட்டால் வாயுவைப் பிடிக்கும் மிதக்கும் டிரம் எழாது, மேலே ஏடு காய்ந்து தோல் மாதிரி கட்டிவிடும். ஆறு மாதத்தில் அது துணி காயப்போடும் மேடை.

தருமபுரி: மிதக்கும் டிரம் மாடலா, டோம் மாடலா?

பதில்: கைதேர்ந்த கொத்தனார் இருந்தால் தீனபந்து டோம் (1984-இல் வந்த, அசையாத செங்கல் குவிமாட வடிவம்). இல்லாவிட்டால் கதர் கமிஷன் டிரம். டோமில் மயிரிழை விரிசல் போதும், வாயு போய்விடும், எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும். டிரம் துருப்பிடிக்கும், வருடத்துக்கு ஒரு முறை கழற்றிப் பெயின்ட் அடிக்கச் சோம்பல் படுபவர்கள் ஃபைபர் டிரம் போடுங்கள்.

ஒட்டன்சத்திரம்: வாயு வருகிறது சார், டிரம்மும் மேலே எழுகிறது. அடுப்பில் பற்றவே மாட்டேன் என்கிறது. பழைய கேஸ் அடுப்பைத்தான் இணைத்திருக்கிறோம்.

பதில்: காரணத்தை நீங்களே கடைசி வரியில் சொல்லிவிட்டீர்கள். எல்.பி.ஜி. ஒரு பங்கு எரிய 25 பங்குக்கு மேல் காற்று வேண்டும். சாண வாயுவுக்கு ஆறு பங்குக்குள் போதும். அழுத்தமும் குறைவு. எல்.பி.ஜி. அடுப்பின் ஜெட் துளை ஊசிக்கண் அளவு. அதன் வழியே வரும் கொஞ்சம் வாயுவில் இவ்வளவு காற்று கலந்தால் தீ நிற்காமல் பறந்துவிடும். ஜெட்டைக் கண்ணளவில் டிரில் போட்டுப் பெரிதாக்காதீர்கள். சாண வாயுவுக்கென்றே விற்கும் பர்னரை வாங்குங்கள்.

அதை மாற்றியும் பற்றாவிட்டால் இரண்டு விஷயம். புதுத் தொட்டியில் முதலில் சேரும் வாயுவில் காற்றும் கரியமில வாயுவும்தான் அதிகம், எரியாது. முதல் டிரம் நிறைவை அப்படியே வெளியே விட்டுவிடுங்கள், பக்கத்தில் பீடி கூட வேண்டாம். அடுத்தது, குழாயில் தண்ணீர். தொட்டியிலிருந்து வாயு ஈரத்தோடு வருகிறது, இரவில் குளிர்ந்து குழாயின் தாழ்ந்த இடத்தில் தேங்கும். தீ குதித்துக் குதித்து எரிந்தால் அதுதான். நூறு அடிக்கு ஓர் அடியாவது சரிவு கொடுத்து, தாழ்ந்த இடத்தில் ஒரு டி (T) இணைப்பு போட்டு வடிகுழாய் வையுங்கள். கசிவைச் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், தீக்குச்சி கிழித்து அல்ல.

கரூர்: மானியம் எவ்வளவு சார்?

பதில்: கலன் அளவுக்கும் ஆண்டுக்கும் தகுந்தபடி மாறும். ஒன்றிய அலுவலகத்தில் இந்த ஆண்டின் ஆணையைக் கேட்டுப் படியுங்கள், குழி தோண்டும் முன்.

திருப்பூர், விடுதி மெஸ்: தினம் 30 கிலோ மிச்ச உணவு போடுகிறோம். மூன்று மாதம் நன்றாக எரிந்தது. இப்போது புளித்த வாடை, வாயு பாதியாகிவிட்டது.

பதில்: தொட்டிக்கு அஜீரணம். சோறும் சாம்பாரும் சாணம் மாதிரி அல்ல. ஒரே நாளில் அமிலமாக உடையும். அந்த அமிலத்தை மீத்தேனாக்கும் நுண்ணுயிர் மெதுவாகத்தான் பெருகும். விருந்து நடந்த மறுநாள் 60 கிலோவைக் கொட்டியிருப்பீர்கள். அமிலம் சேர்ந்து, பி.எச். இறங்கி, மெதுவானது செத்துக்கொண்டிருக்கிறது.

இன்றே தீனியை நிறுத்துங்கள். பி.எச். தாள் கடையில் கிடைக்கும், வெளிவரும் கரைசலில் தோய்த்துப் பாருங்கள். 6.8 முதல் 7.5 வரை நல்லது. 6.5-க்குக் கீழே என்றால், நீர்த்த சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரைத் தினம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஒரே நாளில் கட்டியாகக் கொட்டினால் அடியில் படிந்து இன்னொரு தொல்லை. கூடவே நன்றாக ஓடும் வேறொரு சாணத் தொட்டியின் ஸ்லரி (வாயு எடுத்தபின் வெளிவரும் கரைசல்) இரண்டு மூன்று குடம். பி.எச். ஏழைத் தொட்டு, வாயு மறுபடி நீலமாக எரிந்த பிறகு, முன்பு போட்டதில் கால்வாசியில் தொடங்கி வாரத்துக்கு வாரம் ஏற்றுங்கள். 10 கிலோ உணவுக் கழிவுக்கு ஒரு கன மீட்டர் என்பது சரியாக ஓடும் தொட்டியின் கணக்கு. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

எலுமிச்சை, சாத்துக்குடித் தோல், எலும்பு, முட்டை ஓடு, பழைய எண்ணெய் வேண்டவே வேண்டாம். பெரிய எதிரி இவை எதுவும் அல்ல, நுண்ணுயிரைக் கொல்லும் ஃபினாயில். தரை கழுவிய நீரும் பாத்திரச் சோப்பு நீரும் அந்தத் தொட்டிக்குள் போகிறதா என்று சமையல்காரரை அல்ல, பெருக்குபவரைக் கேளுங்கள். சாணத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்: மடிநோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்ட மாட்டின் சாணத்தைச் சில நாள் தள்ளி வையுங்கள்.

பெரியகுளம்: ஸ்லரியை வாழைக்கு நேரடியாகப் பாய்ச்சலாமா?

பதில்: பாய்ச்சலாம், பாசன நீரோடு கலந்து. வெயிலில் காயவைத்தால் தழைச்சத்தில் ஒரு பகுதி அமோனியாவாகப் பறந்துவிடும்.

விளாத்திகுளம்: ஐந்து ஏக்கர் மானாவாரி. காட்டாமணக்குக் கன்று தருகிறோம், கொட்டையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று ஆள் வருகிறார்கள்.

பதில்: இன்னுமா! 2003-இல் திட்டக் கமிஷனின் குழு பயோடீசலுக்கு இதைப் பரிந்துரைத்தது, 2009 கொள்கை 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் என்று இலக்கு போட்டது. ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. தண்ணீர் இல்லாத நிலத்தில் செடி சாகாது, அது உண்மை. சாகாமல் இருப்பதும் காய்ப்பதும் ஒன்றல்ல. காய் ஒரே சமயத்தில் பழுக்காது, திரும்பத் திரும்பக் கையால் பறிக்க வேண்டும், கூலி கொட்டை விலையைத் தின்றுவிடும். பிண்ணாக்கு விஷம், மாட்டுக்கும் ஆகாது. தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் இதே மாதிரி ஆசை காட்டித்தான் நிலத்தை வளைத்தார்கள், முடிவும் இதேதான். வருகிறவரிடம் கொட்டை விலையைக் கேட்காதீர்கள். மூன்றாம் ஆண்டுக்கான கொள்முதல் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

சேலம்: இ20 பெட்ரோலை என் 2016 பைக்கில் போடலாமா? மைலேஜ் போகுமா?

பதில்: ஒரே ஒரு முறை விரிவாகச் சொல்கிறேன். எத்தனாலில் லிட்டருக்கு 21 மெகாஜூல், பெட்ரோலில் 32. இ20-இல் போல ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் ஆற்றல் சுமார் 7 சதவீதம் குறையும். மைலேஜ் அவ்வளவும் குறையாது, எஞ்சினைப் பொறுத்தது: நீதி ஆயோக் 2021 அறிக்கை பழைய இருசக்கர வண்டிக்கு 3 முதல் 4 சதவீதம், பழைய காருக்கு 6 முதல் 7, இ20-க்கு ஏற்ப அமைத்த காருக்கு 1 முதல் 2 என்றது. 2016 வண்டியில் கவனிக்க வேண்டியது ரப்பர்: பெட்ரோல் ஹோஸ், கார்புரேட்டர் வாஷர், ஓ-ரிங். உப்பினாலோ வெடித்தாலோ மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதானால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

நாமக்கல், கோழிப்பண்ணை: பைக்கை விடுங்கள். மக்காச்சோளத்தை எல்லாம் சாராய ஆலைக்கு அனுப்பிவிட்டு எங்களை எத்தனால் வடித்த பின் மிஞ்சும் டி.டி.ஜி.எஸ். சக்கையைத் தீனியாகப் போடச் சொல்கிறார்கள். இது என்ன கொள்கை?

பெரம்பலூர், விவசாயி: விலை விழுந்து கிடந்த வருஷமெல்லாம் அண்ணன் எங்களைக் கேட்டாரா? இப்போதுதான் கையில் நாலு காசு பார்க்கிறோம்.

பதில்: இருவரும் கணக்கைப் பாருங்கள். ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 380 லிட்டர் எத்தனால். மக்காச்சோள எத்தனாலுக்கு எண்ணெய் நிறுவனங்கள் கொடுத்த விலை லிட்டருக்கு 71.86 ரூபாய். ஆக ஒரு டன்னுக்கு 27,300 ரூபாய் வரவு, சக்கை விற்ற காசு தனி. அந்த வரவில் ஆலைச் செலவு போக மிஞ்சுவது எவ்வளவோ, அதுவரை சோளத்துக்கு ஆலை விலை கொடுக்கும். கோழித்தீனி வாங்குபவர் அதோடு போட்டி போட வேண்டும். இன்னொரு பக்கம்: முட்டைக்கோழி நாளைக்கு 110 கிராம் தீனி தின்னும், அதில் பாதி சோளம் என்றால் வருடத்துக்கு 20 கிலோ. ஒரு டன் சோளம் 50 கோழிக்கு ஒரு வருடம். அதே டன் 1,900 லிட்டர் இ20-க்கான எத்தனால்.

இந்த நெருக்கடி சோளத்தில் தொடங்கவில்லை. 2023 ஜூலையில் உணவுக் கழக அரிசியை எத்தனாலுக்குத் தருவதை நிறுத்தினார்கள். டிசம்பரில் கரும்புச் சாற்றுக்குக் கட்டுப்பாடு வந்தது. இரண்டு தீனியும் போனதும் ஆலைகள் சோளத்துக்குத் திரும்பின. சோளம் ஏற்றுமதி செய்த நாடு 2024-இல் இறக்குமதி செய்தது. முதலில் 2030 என்றிருந்த, பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை 2022-இல் 2025-26-க்கு இழுத்துக்கொண்டார்கள். ஆலை கட்ட இரண்டு வருடம் போதும், விளைச்சல் அந்த வேகத்தில் கூடாது.

நாமக்கல்: சரி, அந்தச் சக்கையை எவ்வளவு போடலாம்?

பதில்: ஒரு டன் சோளத்துக்குச் சுமார் 300 கிலோ டி.டி.ஜி.எஸ். திரும்பி வரும். மாவுச்சத்து மட்டும் போய், மற்றது எல்லாம் மூன்று மடங்கு செறிந்திருக்கும். புரதம் அப்படி. பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சினும் அப்படியே; புளிக்கவைத்துக் காய்ச்சி வடித்தாலும் அது அழியாது. அதனால் லோடு லோடாகச் சோதிக்காமல் வாங்காதீர்கள். லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, தனியாகச் சேர்க்க வேண்டும். 5 சதவீதத்தில் தொடங்குங்கள்.

பெரம்பலூர்: எங்கள் சோளத்தில் பூஞ்சை என்கிறீர்களா?

பதில்: ஈரத்தோடு சாக்கில் கட்டினால் யார் சோளத்திலும். 14 சதவீத ஈரத்துக்குக் கீழே காயவையுங்கள். சாலையில் கொட்டிக் காயவைத்துப் பனியில் மூடாமல் விடும் இரவில்தான் இது தொடங்குகிறது.

விழுப்புரம்: கரும்புதான் சார் சரி. பிரேசில் 1975-லேயே ஆரம்பித்துவிட்டது.

பதில்: பிரேசில் கரும்பு பெரும்பாலும் மழையில் விளைகிறது. உங்களுடையது போர்வெல்லில். சர்க்கரையிலிருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் என்று நீதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது. மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு) எத்தனால் வேறு விஷயம், அது எப்படியும் வருகிற கழிவு.

தஞ்சாவூர்: அப்படியானால் வைக்கோலில் எத்தனால்?

பதில்: பானிபட்டில் 2022-இல் ஆலை வந்தது, அங்கே விவசாயிகள் வைக்கோலை வயலிலேயே எரிக்கிறார்கள். டெல்டாவில் வைக்கோல் மாட்டுத் தீனி. மறுபடி நாமக்கல் சண்டைதான், கோழிக்குப் பதில் மாடு.

ஈரோடு: 2014 ஸ்கூட்டர், இ20 போட்டால் என்ன ஆகும்?

பதில்: சேலத்துக்குச் சொன்னதுதான்.

முதுகுளத்தூர்: சீமைக் கருவேலத்தில் கரிமூட்டம் போடுகிறோம். கரி நொறுங்குகிறது, எடையும் நிற்கவில்லை.

பதில்: பச்சை விறகை அடுக்குகிறீர்கள். வெட்டிய விறகு வெயிலில் ஒரு மாதமாவது காய வேண்டும். ஈரம் இருந்தால் அதை ஓட்டவே மூட்டத்துக்குள் விறகு எரிந்துபோகும். ஐந்து டன் காய்ந்த விறகுக்கு ஒரு டன் கரி கிடைத்தால் நல்ல மூட்டம். புகையைப் பாருங்கள்: கெட்டியான வெள்ளை என்றால் இன்னும் தண்ணீர்தான் போகிறது. மஞ்சள் கலந்தால் விறகு கரியாகிறது. மெல்லிய நீலம் வந்ததும் எல்லாத் துளையையும் மண்ணால் அடையுங்கள். நீலம் வந்த பிறகும் விட்டால் கரியே எரிகிறது. மண்ணில் விரிசல் விழுந்தாலும் அதே கதி, இரவில் ஆள் இருக்க வேண்டும்.

கருவேலத்தை ஒழிக்கவும் வேண்டும், அதையே நம்பி மின் நிலையமும் நடத்த வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கேள்வி: வேரோடு எடுத்த நிலத்தில் அடுத்த வருடம் கொதிகலனுக்கு என்ன போடுவீர்கள்? வெட்டி மட்டும் விட்டால் தூரிலிருந்து தழைக்கும். ஆலைக்கு அது லாபம், கண்மாய்க்கு நஷ்டம்.

அரியலூர்: கோபர் கேஸ் மானியம்...

பதில்: கரூர். மேலே.

ஒரத்தநாடு: தொட்டி அடியில் மண்டி சேர்ந்து அடைத்துவிட்டது. தண்ணீரை இறைத்துவிட்டோம். நாளைக்குத் தம்பி இறங்கிச் சுத்தம் செய்யப் போகிறான்.

பதில்: இறக்காதீர்கள். தண்ணீர் போனாலும் மண்டியைக் கிளறும்போது ஹைட்ரஜன் சல்பைடு வரும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. "வாடை இல்லை, இறங்கலாம்" என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்து. கரியமில வாயு அடியில் தங்கி மூச்சை அடைக்கும். முகத்தில் துண்டு கட்டுவதால் ஒரு பயனும் இல்லை. முதல் ஆள் விழுந்ததும் காப்பாற்ற இறங்குபவர்தான் இரண்டாவது சாவு.

டிரம்மைக் கழற்றித் தள்ளி வையுங்கள். சுற்றிலும் நெருப்பு, மின் சுவிட்ச் கூடாது. மேலிருந்தே நீள மூங்கிலால் கிளறி, தண்ணீர் விட்டுக் கூழாக்கி, ஸ்லரி பம்ப் வைத்து இறையுங்கள். கழிவுநீர் லாரிக்காரரின் குழாயும் உதவும். அதற்கும் வராத மண்டியை நீளக் கம்பு மாட்டிய வாளியால் எடுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும். இனிமேல் சாணம் கரைக்கும்போது மண், வைக்கோல் துண்டைக் கலவைத் தொட்டியிலேயே அரித்து எடுங்கள். மண்டி அங்கிருந்துதான் வருகிறது.

மணப்பாறை: ஐயா, 1 கன மீட்டரே கட்டுகிறேன். குழி எங்கே தோண்டுவது?

பதில்: தொழுவத்தை ஒட்டி, அடுப்படிக்கு 10 மீட்டருக்குள், நாள் முழுக்க வெயில் படும் இடத்தில். குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி. புளிய மரத்தடியில் வேண்டாம், வேர் சுவரைப் பிளக்கும்.