வேதத்தின்படி வாழ்ந்தால் உண்மையான மகிழ்ச்சி கிடைக்குமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: "ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறேன், ஜெபிக்கிறேன், வேதம் (பைபிள்) வாசிக்கிறேன். ஆனாலும் மனதில் சந்தோஷம் இல்லை. கடவுளைப் பற்றிக் கவலையே படாத நண்பர்கள் என்னைவிட நன்றாக இருக்கிறார்கள். வேதத்தின்படி வாழ்ந்தால் மகிழ்ச்சி கிடைக்கும் என்பது உண்மைதானா?"

உண்மைதான். நான் முழு மனதோடு சொல்கிறேன். ஆனால் அது எப்படிப்பட்ட மகிழ்ச்சி, எந்த வழியாக வருகிறது என்பதைப் பற்றி நம் மேடைகளில் சொல்லப்படுவதில் பாதிக்கும் மேல் வேதத்தில் இல்லாதது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், உங்கள் கேள்வி வேதத்துக்குப் புதிதல்ல. சங்கீதம் என்ற வேதப் பாடல்களின் புத்தகத்தில், 73ஆம் பாட்டில், ஆசாப் என்ற பாடகர் இதையே கேட்கிறார். துன்மார்க்கர் கொழுத்துச் செழிக்கிறார்கள், அவர்களுக்கு வருத்தமே இல்லை, நான் என் இருதயத்தைச் சுத்தமாக வைத்ததெல்லாம் வீண்தானா என்று புலம்புகிறார். பொறாமைப்பட்டேன் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். சபையில் எழுந்து நின்று இப்படி ஒருவர் சாட்சி சொன்னால் நாம் முகம் சுளிப்போம். வேதமோ அதை அப்படியே பாட்டாக வைத்திருக்கிறது. அந்தச் சங்கீதத்தின் முடிவில் ஆசாபின் நிலைமை மாறியதாக ஒரு வரியும் இல்லை. ஆனால் "எனக்கோ, தேவனை அண்டிக்கொண்டிருப்பதே நலம்" என்று சொல்கிற இடத்துக்கு அவர் வந்துவிடுகிறார்.

அடுத்து பிலிப்பியர் நிருபம். பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதின கடிதம் அது. சந்தோஷத்தைப் பற்றிப் பேச ஒரே ஒரு புத்தகத்தை எடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். மொத்தம் 4 அதிகாரம், 104 வசனம். அரை மணி நேரத்துக்குள் வாசித்துவிடலாம். பவுல் கட்டப்பட்ட கைதியாக இருந்து எழுதியது. விடுதலை கிடைக்குமா, மரணமா என்றே அவருக்குத் தெரியவில்லை. முதல் அதிகாரத்தில் இரண்டையும் பற்றிப் பேசுகிறார். வெளியே சிலர் அவரை இன்னும் நோகடிக்கவேண்டும் என்றே போட்டிக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த நிலையில் இருந்துதான் "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன்" என்று எழுதுகிறார். கேட்பவர்களுக்கும் அவரைத் தெரியும். பிலிப்பி பட்டணத்துச் சிறையில், முதுகில் அடிபட்ட காயத்தோடு, கால்கள் தொழுமரத்தில் (கைதியின் காலைப் பூட்டும் கட்டையில்) மாட்டியிருக்க, நடுராத்திரியில் சீலாவோடு சேர்ந்து பாடியவர் அவர். அந்தச் சிறைச்சாலைக்காரன் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது.

இதே நிருபத்தில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகிற ஒரு பகுதி உண்டு. எப்பாப்பிரோதீத்து என்ற மனிதர் பிலிப்பியரின் உதவியைப் பவுலிடம் கொண்டுவந்த இடத்தில் சாகக்கிடக்கிறார். பிறகு பிழைத்துவிட்டார். அதைப் பற்றி எழுதும்போது, "துக்கத்தின்மேல் துக்கம்" எனக்கு வராதபடி தேவன் இரங்கினார் என்கிறார் பவுல். பாருங்கள், ஏற்கெனவே அவருக்குத் துக்கம் இருக்கிறது. எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று எழுதின அதே கைதான் இதையும் எழுதியிருக்கிறது. ஆகவே, அழுகை வந்தால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசுவே கண்ணீர் விட்டார்.

அப்புறம் 4ஆம் அதிகாரம். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு." காலண்டரிலும் ஆட்டோ கண்ணாடியிலும் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பென்சில் பெட்டியிலும் இந்த வசனம் இருக்கும். அதற்கு முந்தின இரண்டு வசனங்களை யாரும் ஒட்டுவதில்லை. தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன், எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்க, அதாவது மனநிறைவோடு இருக்க, கற்றுக்கொண்டேன் என்கிறார். சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிலைகுலையாமல் இருப்பதற்கான பெலன் அது. அப்போஸ்தலனுக்கே அது ஒரே நாளில் வந்துவிடவில்லை. நமக்கு மட்டும் கன்வென்ஷன் பந்தலில் ஒரு ராத்திரியில் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

காணிக்கை போட்டால் கார் வரும், விசுவாசித்தால் வீடு வரும் என்று பேசுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. அப்படிக் கேட்டு வளர்ந்தவர், கார் வராதபோது தேவனை விட்டுவிடுகிறார். வந்துவிட்டால் அடுத்த காரைக் கேட்கிறார். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது இதற்கு நேர் எதிர்: "போதுமென்கிற மனதுடனே கூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்."

சரி, இதைக் கற்றுக்கொள்வது எப்படி? மகிழ்ச்சியை நேராகத் துரத்தினால் கிடைக்காது என்றே நினைக்கிறேன். பிரசங்கி 2ஆம் அதிகாரத்தில் சொல்லப்படுகிற ராஜா வீடு, தோட்டம், வெள்ளி, பாடகர்கள் என்று கண் ஆசைப்பட்ட எதையும் தடுக்காமல் பார்த்துவிட்டு, எல்லாம் மாயை என்றுதான் முடிக்கிறார். வேதம் வேறு சில காரியங்களைச் செய்யச் சொல்கிறது. சந்தோஷம் அவற்றோடு கூட வருகிறது. அவற்றில் முதலாவது, மன்னிப்பு. 32ஆம் சங்கீதம் பாக்கியவான் என்று சொல்வது யாரைத் தெரியுமா? பாவம் மன்னிக்கப்பட்டவனை. பாவத்தை உள்ளே அடக்கி வைத்திருந்த வரைக்கும் என் எலும்புகள் உலர்ந்துபோயின என்கிறார் தாவீது. தூக்கம் வராமல் புரண்டவர்களுக்கு அந்த வரி புரியும்.

இதை நான் பார்த்தது எங்கள் வீட்டில்தான். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வீட்டுமனைத் தகராறு. வழக்கு கோர்ட்டுக்குப் போய்விட்டது. எதிரெதிர் வீடு, பேச்சு கிடையாது. இயேசுவின் மரணத்தை நினைத்து அப்பமும் திராட்சரசமும் எடுக்கிற திருவிருந்து ஆராதனை வரும் ஞாயிறுகளில் அப்பா பந்தியில் சேராமல் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இருக்கிறதே, அது அவரை விடவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். வாசலில் நின்றபடியே, "தம்பி, கேசுல என்ன வருதோ வரட்டும். உங்கிட்ட பேசாம என்னால திருவிருந்து எடுக்க முடியல" என்றார். சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "உள்ள வாண்ணே" என்றார். சித்தி கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் மனையைப் பற்றிப் பேசவே இல்லை. மழையைப் பற்றியும், அந்த வருஷம் அசனத்துக்கு (சபையின் பொது விருந்துக்கு) எத்தனை ஆடு என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மனை எங்களுக்குத் திரும்பி வரவில்லை. தீர்ப்பு சித்தப்பா பக்கம்தான் போனது. ஆனால் அப்பா அதற்கப்புறம் ராத்திரியில் நன்றாகத் தூங்கினார். வீட்டில் அவர் பாடுகிற சத்தம் மறுபடி கேட்டது. வேதம் சொல்கிற மகிழ்ச்சி எப்படி இருக்கும் என்று என்னிடம் யாராவது கேட்டால் எனக்கு அப்பாவின் அந்தக் குரல்தான் ஞாபகம் வரும்.

இரண்டாவது, கொடுப்பது. "வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்" என்று ஆண்டவர் சொன்னதாக அப்போஸ்தலர் 20இல் வருகிறது. எங்கள் பெரியம்மா பீடி சுற்றிப் பிழைத்த விதவை. அரிசி களைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து ஆலயத்துக்கென்று தகர டப்பாவில் போட்டுவிடுவார், கடனுக்கு அரிசி வாங்கின நாளிலும். "நமக்கே பத்தாதே பெரியம்மா" என்றால், "அது ஆண்டவருக்குத் தெரியும், நீ போய் விறகு எடுத்துட்டு வா" என்பார். அவ்வளவுதான், அதில் பெரிய தத்துவம் எதுவும் பேசமாட்டார்.

படுத்த படுக்கையானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து காயப்பட்டவர். 1951இல் இறக்கும்வரை, கிட்டத்தட்ட 20 வருஷம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே, வலியோடேயே இருந்தார். அங்கிருந்தபடியே புத்தகம் புத்தகமாக எழுதினார். குணமாக்கும்படி எத்தனையோ பேர் ஜெபித்திருப்பார்கள். குணம் வரவில்லை, ஆனாலும் அவர் கசந்துபோகவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். உங்களுக்கு வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்றால், உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது, தேவன் அவரைத் திட்டவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டார், மறுபடி கொடுத்தார். கேள்வி கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அப்படி இல்லை, வெறுமைதான் பிரச்சினை என்றால், இந்த வாரம் யூடியூப் செய்திகளைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு பிலிப்பியரை ஒரே மூச்சில் வாசியுங்கள். மறுநாள் மறுபடியும். நண்பர்களின் நிலைமையைப் பார்த்துப் பொறாமை வரும் நாளில் 73ஆம் சங்கீதத்தை உங்கள் சொந்த ஜெபமாகவே சத்தமாகச் சொல்லுங்கள். பேசாமல் இருக்கிற ஆள் யாராவது இருந்தால், அடுத்த திருவிருந்துக்கு முன்னால் ஒரு போன் போடுங்கள்.