நீளத்தைப் பார்க்காதீர்கள், வினைமுற்றைத் தேடுங்கள்

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தாள். இப்போது ஆங்கில வழியில் ஒன்பதாவது. சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று வாக்கியங்களைப் பிரிக்கச் சொன்னால் திணறுகிறாள். சின்னதாக இருந்தால் சிம்பிள், பெரிதாக இருந்தால் காம்ப்ளெக்ஸ் என்று எழுதிவிட்டு வருகிறாள். எனக்கும் ஆங்கிலம் அவ்வளவாக வராது. நானே வீட்டில் சொல்லித் தர ஒரு வழி உண்டா டீச்சர்?
வாசகி, 90 அடி சாலை, தாராவி

பதில்: உண்டு. ஆங்கிலம் வராது என்று தயங்காதீர்கள். வினைமுற்று எது, எச்சம் எது என்று உங்கள் காதுக்கே தெரியும். 'சந்தைக்குப் போய்' என்று ஒருவர் நிறுத்தினால், போய் என்ன ஆச்சு என்று கேட்போம். 'சந்தைக்குப் போனேன்' என்றால் பேச்சு முடிந்துவிட்டது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். 'கோயிங்', 'டு கோ' தனியே வந்தால் அந்தரத்தில் நிற்கும். 'வென்ட்', 'கோஸ்', 'வில் கோ' முடிந்து நிற்கும். அந்த முடிந்து நிற்கிற வினைகளை முதலில் மகள் பென்சிலால் அடிக்கோடிடட்டும்.

ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது சிம்பிள், எத்தனை வரி நீண்டாலும் சரி. 'ஆஃப்டர் அ லாங் டே அட் த ஷாப், மை ஃபாதர் வாக்ட் ஸ்லோலி ஃப்ரம் சயான் ஸ்டேஷன் டு அவர் ஹவுஸ் இன் த ஹெவி ரெய்ன்.' இவ்வளவு நீளத்தில் முடிந்து நிற்கும் வினை 'வாக்ட்' ஒன்றே. மாறாக, 'வெயிட் டில் ஐ கம்' என்பதில் நான்கே சொற்கள். ஆனால் 'வெயிட்', 'கம்' என்று இரண்டு வினைகள் இருக்கின்றன, 'டில்' ஒன்றை மற்றொன்றைச் சார்ந்து நிற்க வைக்கிறது, அதனால் அது காம்ப்ளெக்ஸ். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். நீளத்தைப் பார்க்கிற பழக்கம் போய்விடும்.

இரண்டோ அதற்கு மேலோ இருந்தால், அவற்றைச் சேர்ப்பது எந்தச் சொல் என்று பார்க்க வேண்டும். அண்ட், பட், ஆர், ஸோ, யெட், நார், ஃபார் ஆகிய ஏழும் சம அந்தஸ்தில் இருப்பவற்றைச் சேர்க்கும். அப்போது காம்பவுண்ட். பிகாஸ், இஃப், வென், தோ, டில், ஹூ, விச், தட் போன்றவை ஒரு பகுதியை இன்னொன்றைச் சார்ந்து நிற்க வைக்கும். அப்போது காம்ப்ளெக்ஸ்.

பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தேர்வு அன்று பதற்றத்தில் முதலில் மறப்பது பட்டியல்தான். அதைவிட உறுதியான ஒரு சோதனை இருக்கிறது. இணைப்புச் சொல்லோடு அந்தப் பகுதியைத் தூக்கி வாக்கியத்தின் முன்னால் வைத்துப் பாருங்கள். 'வி டுக் அ பஸ் பிகாஸ் த ட்ரெயின் வாஸ் லேட்.' இதை 'பிகாஸ் த ட்ரெயின் வாஸ் லேட், வி டுக் அ பஸ்' என்று மாற்றினாலும் பொருள் கெடவில்லை. ஆகவே காம்ப்ளெக்ஸ். 'த ட்ரெயின் வாஸ் லேட், ஸோ வி டுக் அ பஸ்' என்பதில் 'ஸோ' பகுதியை முன்னால் கொண்டுபோனால் வாக்கியம் உடைந்துவிடும். ஆகவே காம்பவுண்ட். ஹூ, விச், தட் வரும் இடங்களில் மட்டும் இந்தச் சோதனை உதவாது. அவை பெரும்பாலும் ஒரு பெயர்ச்சொல்லையோ வினையையோ ஒட்டியே நிற்கும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. சயான் கோலிவாடாவில் என்னிடம் டியூஷனுக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 'மழை பெய்ததால் ரயில் நின்றது' என்று நாம் சொல்லும்போது முற்று ஒன்றுதான்: 'நின்றது'. அதே செய்தி ஆங்கிலத்தில் 'த ட்ரெயின் ஸ்டாப்ட் பிகாஸ் இட் ரெய்ன்ட்' என்று வந்தால் 'ஸ்டாப்ட்', 'ரெய்ன்ட்' இரண்டுமே முற்று. 'நேற்று வந்த பையன்' என்பதில் 'வந்த' வெறும் பெயரெச்சம். 'த பாய் ஹூ கேம் யெஸ்டர்டே' என்பதில் 'கேம்' முழு முற்று. பிள்ளைகள் ஆங்கில வாக்கியத்தைப் படித்து, மனதுக்குள் தமிழாக்கி, தமிழில் எண்ணிவிட்டு 'சிம்பிள்' என்று எழுதிவிடுகிறார்கள். அவர்களுக்குப் புரியாமல் இல்லை, எண்ணுகிற இடம்தான் மாறிவிடுகிறது. தாளில் அச்சாகியிருக்கும் ஆங்கிலச் சொற்களின் மேல் விரல் வைத்து எண்ணச் சொல்லுங்கள்.

பழகுவதற்கு, ஒரே செய்தியை மூன்று விதமாக எழுத வையுங்கள். 'பிகாஸ் ஆஃப் த ஹெவி ரெய்ன், த ட்ரெயின்ஸ் ஸ்டாப்ட்' சிம்பிள். 'இட் ரெய்ன்ட் ஹெவிலி, ஸோ த ட்ரெயின்ஸ் ஸ்டாப்ட்' காம்பவுண்ட். 'த ட்ரெயின்ஸ் ஸ்டாப்ட் பிகாஸ் இட் ரெய்ன்ட் ஹெவிலி' காம்ப்ளெக்ஸ். 'பிகாஸ் ஆஃப்' என்றால் பின்னால் பெயர்ச்சொல் போதும். 'பிகாஸ்' மட்டும் என்றால் பின்னால் எழுவாயும் முற்றும் வேண்டும். 'இன் ஸ்பைட் ஆஃப்' (சிம்பிள்), 'பட்' (காம்பவுண்ட்), 'தோ' (காம்ப்ளெக்ஸ்) மூன்றும் இதே மாதிரி ஒரு வரிசை. வினாத்தாளில் ஒன்றை இன்னொன்றாக மாற்றச் சொல்லும்போது இந்தப் பயிற்சிதான் கை கொடுக்கும்.

கேள்வி: 'ஐ திங்க் ஹி இஸ் ரைட்' என்பதை எங்கள் மிஸ் காம்ப்ளெக்ஸ் என்கிறார். இணைப்புச் சொல்லே இல்லையே? 'ஆஃப்டர் லஞ்ச் வி ப்ளேட் கிரிக்கெட்' என்பதில் 'ஆஃப்டர்' இருந்தும் சிம்பிள் என்கிறார். எதை நம்புவது?
பத்தாம் வகுப்பு மாணவன், செம்பூர்

பதில்: உன் மிஸ் சொன்ன இரண்டுமே சரி தம்பி. முதல் வாக்கியத்தில் 'திங்க்'குக்குப் பின்னால் ஒரு 'தட்' மறைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'தட்'டை இப்படி விட்டுவிடுவது சர்வ சாதாரணம். 'த புக் ஐ பாட் இன் தாதர் இஸ் டோர்ன்' என்பதிலும் 'புக்'குக்கு அடுத்து 'விச்' மறைந்திருக்கிறது. இணைப்புச் சொல்லைத் தேடித் தொடங்கினால் இவை தப்பிவிடும். வினையை எண்ணித் தொடங்கினால் தப்பாது.

'ஆஃப்டர்' இரட்டை வேலை செய்யும் சொல். அதன் பின்னால் 'லஞ்ச்' என்ற பெயர்ச்சொல் மட்டும் வந்தால் அது வெறும் ப்ரெபொசிஷன், பெயருக்கு முன்னால் நிற்கும் சொல். 'ஆஃப்டர் வி ஹேட் லஞ்ச்' என்று எழுவாயோடு வினையும் வந்தால் இணைப்புச் சொல், வாக்கியம் காம்ப்ளெக்ஸ். 'பிஃபோர்', 'சின்ஸ்', 'அன்டில்' மூன்றையும் இப்படியே பார்.

'ஹூ'வைக் கண்டதும் காம்ப்ளெக்ஸ் என்று எழுதிவிடாதே. 'ஹூ டுக் மை அம்ப்ரெல்லா?' நேரடியான கேள்வி, சிம்பிள். 'டூ யூ நோ ஹூ டுக் மை அம்ப்ரெல்லா?' காம்ப்ளெக்ஸ்.

கேள்வி: 'ஹி கேம் ஹோம் அண்ட் ஸ்லெப்ட்' என்பது மகனின் பாடநூலில் காம்பவுண்ட். அமெரிக்க வீடியோ ஒன்றில் சிம்பிள் என்கிறார்கள். எது சரி?
ஒரு தந்தை, முலுண்ட்

பதில்: இரண்டு மரபுகள் சார். நம் ஊர்ப் பள்ளி இலக்கண நூல்கள் பெரும்பாலும் முற்று வினைகளை எண்ணுகின்றன. 'கேம்', 'ஸ்லெப்ட்' இரண்டு, ஆகவே காம்பவுண்ட். அமெரிக்கப் பாடங்கள் எழுவாயையும் சேர்த்துக் கேட்கின்றன. 'ஹி' ஒருமுறைதான் வருகிறது, அதனால் ஒரு எழுவாய்க்கு இரட்டைப் பயனிலை கொண்ட சிம்பிள் என்கின்றன. 'ஹி கேம் ஹோம் அண்ட் ஹி ஸ்லெப்ட்' என்றால் இரு தரப்பும் காம்பவுண்ட் என்றே சொல்லும். தேர்வில் பாடநூல் சொல்வதை எழுதட்டும். இந்த ஒரு விஷயத்தில் வீடியோவை நம்பி மதிப்பெண்ணை இழக்க வேண்டாம்.

கேள்வி: காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ் என்று நான்காவது ஒன்றும் இருக்கிறதாமே?
வாசகி, ஆன்டாப் ஹில்

பதில்: இருக்கிறது. சமமான இரண்டு பகுதிகள், கூடவே சார்ந்து நிற்கும் ஒன்றாவது வேண்டும். 'ஐ வெயிட்டட் அட் குர்லா, பட் மை சிஸ்டர் டிட் நாட் கம் பிகாஸ் ஹெர் ஆபீஸ் க்ளோஸ்ட் லேட்.' 'பட்' வரை ஒன்று, 'பிகாஸ்' வரை ஒன்று, மிச்சம் இரண்டாவதைச் சார்ந்தது. எண்ணும்போது 'டிட் நாட் கம்' முழுவதையும் ஒரே வினையாகக் கொள்ளுங்கள். 'டிட்'டைத் தனியாகவும் 'கம்'மைத் தனியாகவும் எண்ணினால் கணக்கு நான்காகிவிடும். இதில் இருப்பவை மூன்று.